பத்து வயசு மாடும் பன்னிரண்டு நிமிஷமும்

ஏர் ஃப்ரையரில் மாட்டுக்கறி செய்வது எப்படி என்று போனில் தேடினால் வருகிற குறிப்புகள் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்தவை. கறியை விரல் கனத்துக்கு நறுக்குங்கள். குடைமிளகாய், வெங்காயம், ப்ராக்கோலி சேருங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெய், கொஞ்சம் சோயா சாஸ். 200 டிகிரி, பன்னிரண்டு நிமிஷம். இரவுச் சாப்பாடு தயார்.

சூரமங்கலத்தில், சேலம் ஜங்ஷனுக்குப் பக்கத்துத் தெருவொன்றில், இதே குறிப்பை வரி பிசகாமல் செய்து பார்த்தால் காய் நன்றாகவே வரும். உழவர் சந்தையில் காலையில் வாங்கிய கேரட்டும் பீன்ஸும் ஓரம் கருகி, உள்ளே இனிப்பாக இருக்கும். கறிதான் செருப்பு வார் மாதிரி வரும். மெஷின் மேல் தப்பில்லை, மசாலா மேலும் தப்பில்லை. அந்தக் குறிப்பு மனசில் வைத்திருக்கிற மாடு வேறு, நம்ம கடையில் தொங்குகிற மாடு வேறு.

அமெரிக்காவில் கறிக்கென்றே வளர்க்கிற மாடு பெரும்பாலும் ஒன்றரை, இரண்டு வயசுக்குள் வெட்டுக்குப் போய்விடுகிறது. அது ஏர் பிடித்ததில்லை, வண்டி இழுத்ததில்லை. கடைசி சில மாதங்கள் நின்ற இடத்தில் மக்காச்சோளம் தின்று கொழுத்தது. அதன் முதுகுப் பக்கத்துக் கறியைப் பன்னிரண்டு நிமிஷம் சுட்டால் போதும், பல்லுக்கு இணங்கிவிடும். தமிழ்நாட்டில் ஒரு மாடு சட்டப்படி வெட்டுக்குப் போக வேண்டுமென்றால் அதற்குப் பத்து வயசு தாண்டியிருக்க வேண்டும்.

இதைக் கிண்டலுக்குச் சொல்லவில்லை. 1958இல் வந்த பிராணிகள் பாதுகாப்புச் சட்டத்தில் அப்படித்தான் இருக்கிறது. மாடு பத்து வயசுக்கு மேற்பட்டது, வேலைக்கும் இனவிருத்திக்கும் லாயக்கில்லாதது என்று அதிகாரி எழுதித் தர வேண்டும். அல்லது அடிபட்டோ, ஊனப்பட்டோ, தீராத நோயாலோ அது இனி எதற்கும் ஆகாது என்று எழுதித் தர வேண்டும். அதற்குப் பிறகுதான் கத்தி. எருமைக்கும் இதே விதிதான். எல்லாக் கடையிலும் எல்லா நாளும் இந்த விதி எழுத்துப் பிசகாமல் நடக்கிறது என்று சொல்ல வரவில்லை. ஆனால் உழைத்து, கறந்து, ஈன்று முடித்த பிறகு வருகிற மாட்டைத்தான் நாம் சாப்பிடுகிறோம் என்பதை எந்தக் கறிக்கடைக்காரரும் ஒத்துக்கொள்வார். கறியைத் தராசில் போடும்போதே எத்தனை விசில் விட வேண்டுமென்று சொல்லித் தருகிற கடைகள் உண்டு. உலகத்தில் வேறெந்த ஊரில் கசாப்புக் கடைக்காரர் விசில் கணக்குச் சொல்வார்?

அந்த 1958 கொஞ்சம் முக்கியமான வருஷம். ஏப்ரல் 23ஆம் தேதி உச்ச நீதிமன்றம் முகமது ஹனீஃப் குரேஷி வழக்கில் தீர்ப்புச் சொன்னது. பீகார், உத்தரப் பிரதேசம், மத்தியப் பிரதேசம் ஆகிய மாநிலங்கள் போட்ட மாட்டு வெட்டுத் தடைச் சட்டங்களை எதிர்த்து, கறித் தொழில் செய்யும் குரேஷி சமூகத்தார் தொடுத்த வழக்கு அது. பசுவையும் கன்றையும் வெட்டக் கூடாது என்று அரசு தடை போடலாம், ஆனால் பாலும் தராமல், இனமும் பெருக்காமல், ஏரும் இழுக்க முடியாமல் போன எருமையையும் எருதையும்கூட வெட்டக் கூடாது என்பது செல்லாது. தீர்ப்பின் சாரம் இதுதான். ஆட்டுக்கறி வாங்க முடியாத ஏழைகளின் தட்டைப் பற்றியும் அந்தத் தீர்ப்பு பேசியது. அதே வருஷம்தான் காமராஜர் ஆட்சியில் இருந்த சென்னை மாநிலம் தன் சட்டத்தைப் போட்டது. முழுத் தடையும் இல்லை, முழுச் சுதந்திரமும் இல்லை. 'வேலை முடிந்ததா?' என்ற ஒற்றைக் கேள்வி.

அது என்ன வேலை?

சேலம், நாமக்கல் சமவெளியில் ஆற்றுப் பாசனம் கொஞ்சம்தான். மற்றதெல்லாம் கிணறு. நீர்மட்டம் நாற்பது, ஐம்பது அடிக்குக் கீழே. அந்தத் தண்ணீரை மேலே கொண்டுவந்தது கவலை. கிணற்று மேட்டிலிருந்து சரிவாகக் கீழே இறங்குகிற பாதையில் எருதுகள் வடத்தை இழுத்துக்கொண்டு போகும். சால் மேலே வரும், அதன் அடியில் தோலில் தைத்த தும்பி வழியாகத் தண்ணீர் வாய்க்காலில் கொட்டும். எருதுகள் மறுபடி பின்னாலேயே மேடு ஏறும். விடிகாலையில் கட்டினால் வெயில் ஏறும்வரை இதே நடைதான். பத்து வருஷம் இப்படி ஏறி இறங்கிய மாட்டின் தொடைச் சதையை நினைத்துப் பாருங்கள். சதை நார்களைக் கட்டிப் பிடித்து வைத்திருக்கிற கொலாஜன் என்ற புரதம் வயசு ஏற ஏறத் தனக்குள் முடிச்சுப் போட்டு இறுகிக்கொண்டே போகும். அது இளகிக் கூழாக வேண்டுமானால் ஈரமும் சூடும் நேரமும் மூன்றும் வேண்டும். ஏர் ஃப்ரையர் தருவது சூடு மட்டும். போதாததற்கு இருக்கிற ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

அந்தத் தும்பியைத் தைத்தவர்கள் யார் என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது. கொங்குப் பக்கத்தில் அது அருந்ததியர் வேலை. பண்ணையக்காரரின் மாடு செத்தால் அதைத் தூக்கிப் போக வேண்டியவர்கள் அவர்கள். தோலை உரித்துப் பதப்படுத்தி, அதே பண்ணையக்காரரின் கிணற்றுக்குத் தும்பியாகவும் வாராகவும் காலுக்குச் செருப்பாகவும் திருப்பித் தர வேண்டியவர்களும் அவர்கள்தான். கறி அவர்களுக்கு மிஞ்சியது. ஒரு முழு மாட்டை ஒரே நாளில் தின்ன முடியாது. நீளவாக்கில் அறுத்து, உப்பும் மஞ்சளும் தடவி, கொடியில் தொங்கவிட்டு வெயிலில் காயவைத்தால் உப்புக்கண்டம். மழைக்காலத்தில் அடுப்புத் தணலில் சுட்டுத் தட்டித் தின்னலாம், குழம்பில் போட்டுக் கொதிக்க வைக்கலாம். மராத்வாடா தலித் சமையலைப் பற்றி எழுதிய ஷாஹூ பட்டோலே, அங்கேயும் இதே மாதிரிக் கறியைக் காயவைத்துச் சேமித்த கதையை விரிவாகப் பதிவு செய்திருக்கிறார். சூடான வறண்ட காற்றைக் கறி மேல் ஓடவிடுவது என்ற உத்தியைப் பார்த்தால், சேரியின் கொடிக்கயிறு ஏர் ஃப்ரையருக்கு ரொம்ப மூத்தது.

இந்த இடத்தில் ஒரு விஷயத்தைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. இன்றைக்கு 'மாட்டுக்கறி என் உரிமை' என்று சொல்வது எளிது, சொல்லவும் வேண்டும். ஆனால் செத்த மாட்டைத் தின்ன வைக்கப்பட்டதை யாரும் உரிமை என்று கொண்டாடவில்லை. 1927இல் மஹாட் மாநாட்டில் அம்பேத்கர் தன் மக்களிடம் செத்த மாட்டின் கறியை விட்டுவிடச் சொன்னார். 1948இல் வெளியான தீண்டத்தகாதவர்கள் பற்றிய நூலில், தீண்டாமைக்கும் மாட்டுக்கறிக்கும் உள்ள தொடர்பை வரலாறாகவே எழுதினார். அதை விடச் சொன்னதும், பின்னால் வந்த தலைமுறை கடையில் காசு கொடுத்து நல்ல கறி வாங்கி நடுவீதியில் உட்கார்ந்து தின்பேன் என்றதும் ஒன்றுக்கொன்று எதிரானவை இல்லை. எதைத் தின்பது என்பதை நான் முடிவு செய்வேன் என்பதுதான் இரண்டிலும் இருக்கிறது.

கேள்வியே வராத காலமும் ஒன்று இருந்தது. அகநானூற்றின் பாலைப் பாட்டு ஒன்றில், நிரை கவர்ந்து வந்த மழவர்கள் தெய்வம் உறையும் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவைக் கொன்று, குருதி தெளித்துப் பலியிட்டு, கறியைப் புழுக்கித் தின்கிறார்கள். புழுக்குவது என்றால் வேகவைப்பது. பொருநராற்றுப்படையில் கரிகாலன் வீட்டு விருந்தில் செம்மறியின் தொடை வெந்து வருகிறது, கொழுத்த இறைச்சி கம்பியில் சுட்டு வருகிறது, இரண்டும் ஒரே பந்தியில். வேகவைப்பது ஒன்று, சுடுவது ஒன்று. கறிக்கு இரண்டு வழி உண்டு என்பது நமக்குப் புதிதில்லை. அப்புறம் நமக்கு வாய்த்த மாடு முதிர முதிர, இரண்டையும் ஒரே கறிக்கு ஒன்றன்பின் ஒன்றாகச் செய்ய வேண்டியதாகிவிட்டது. முதலில் வேகவை, பிறகு வறு. சுக்கா, வறுவல், சில்லி என்று எந்தப் பெயரில் வந்தாலும் சங்கதி இதுதான்.

வெள்ளைக்காரர்களும் இதில் மாட்டிக்கொண்டவர்கள்தான். சென்னையிலிருந்து மேற்குக் கடற்கரையின் பேப்பூர் வரை ரயில் பாதை 1862இல் ஓடத் தொடங்கியது. சூரமங்கலம் இன்றைக்குச் சேலத்தின் ஸ்டேஷன் பக்கமாக இருப்பதற்கு அந்தப் பாதைதான் காரணம். இந்தத் தடத்தில் ஜோலார்பேட்டை மாதிரியான ரயில்வே ஊர்களில் குடியேறிய ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் சமையலைப் பாருங்கள். கறியைக் கொத்தி உருண்டை பிடித்த 'பால் கறி', உப்பில் நாள்கணக்கில் ஊறவைத்த 'சால்ட் பீஃப்', வினிகரில் ஊறிய விந்தாலு. எல்லாமே கடினமான கறியை வழிக்குக் கொண்டுவர நினைத்தவர்களின் சமையல். லண்டன் ஸ்டேக்கை இந்த ஊர் மாட்டில் செய்ய முடியாது என்று அவர்களுக்கு ஏர் ஃப்ரையர் வருவதற்கு நூறு வருஷம் முன்பே தெரிந்திருந்தது. தொட்டுக்கொள்ளப் 'பெப்பர் வாட்டர்'. நம்ம மிளகுத் தண்ணிதான்.

நம் வீடுகளுக்கு விடை வேறு உருவத்தில் வந்தது. 1959இல் ஹாக்கின்ஸ் குக்கர் கம்பெனி தொடங்கியது. சட்டம் வந்த அடுத்த வருஷமே குக்கரும் வந்தது தற்செயல்தான், ஆனாலும் ரசிக்கத்தக்க தற்செயல். குக்கருக்குள் தண்ணீர் 100 டிகிரியில் கொதித்து நின்றுவிடுவதில்லை, 120 டிகிரி வரை ஏறும். மண்சட்டியில் மூன்று மணி நேரம் விறகு தின்ற கறி முக்கால் மணியில் இறங்கிவிடும். பத்து வயசு மாட்டைச் சாதாரணக் குடும்பத்தின் வேலைநாள் சாப்பாடாக்கியது அந்த விசில்தான். பாரம்பரியச் சமையல் என்று மண்சட்டியைக் கொண்டாடுகிறவர்கள், வேலைக்குப் போய்விட்டு ஏழு மணிக்கு வீடு திரும்புகிற ஒரு பெண்ணிடம் இதைப் பற்றிக் கேட்டுப் பார்க்கலாம்.

இதற்கிடையில் மாட்டுக்கு வேலையே போய்க்கொண்டிருந்தது. 1932இல் பைக்காரா நீர்மின் நிலையம், 1937இல் மேட்டூர். கம்பி கிராமங்களுக்குப் போகப் போகக் கிணறுகளில் மோட்டார் இறங்கியது. கவலைப் பாதை புல் முளைத்துத் தூர்ந்தது. பிறகு டிராக்டர். சட்டம் மட்டும் இன்னமும் மாட்டைப் பார்த்து 'வேலைக்கு ஆகுமா ஆகாதா' என்று கேட்டுக்கொண்டிருக்கிறது. 1976 ஆகஸ்டில், நெருக்கடி நிலையின்போது, தமிழ்நாடு குடியரசுத் தலைவர் ஆட்சியில் இருந்த சமயம், ஓர் அரசாணை பசுவையும் கிடாரியையும் வெட்டவே கூடாது என்றது. 2005இல் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, காளையையும் எருதையும் முழுக்கத் தடை செய்த குஜராத் சட்டத்தை ஏற்றுக்கொண்டது. கிழட்டு மாடும் சாணம் தருகிறது, ஆகவே உபயோகமில்லாத மாடு என்று ஒன்று இல்லை என்ற வாதம் அதில் பெரிய இடம் பிடித்தது. தமிழ்நாடு அந்த வழிக்குப் போகவில்லை. இங்கே பத்து வயசுக் கணக்குத்தான் தொடர்கிறது.

ஏர் ஃப்ரையரின் வம்சம் முற்றிலும் வேறு. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் கடல் தாண்டிப் பறந்த அமெரிக்க ராணுவ விமானங்களில் சூடான சாப்பாடு கொடுக்க வேண்டியிருந்தது. வில்லியம் மாக்ஸன் என்பவர் மூன்று பள்ளம் உள்ள தட்டில் ஒரு கறி, ஒரு காய், கொஞ்சம் உருளைக்கிழங்கு வைத்து உறையவைத்தார். அதைச் சூடாக்க, சுருள் கம்பிக்கு முன்னால் விசிறி வைத்த ஒரு சின்ன அடுப்பையும் 1945 வாக்கில் செய்தார். காற்றை ஓடவிட்டால் சூடு சீக்கிரம் ஏறும் என்பதுதான் சூத்திரம். அறுபது வருஷம் கழித்து நெதர்லாந்தில் ஃப்ரெட் வான் டெர் வெய் என்ற பொறியாளர், எண்ணெயில் முக்காமல் உருளைக்கிழங்கை மொறுமொறுவென்று வறுப்பது எப்படி என்று மண்டையைக் குடைந்துகொண்டிருந்தார். அவர் செய்த பெட்டியை 2010இல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லின் கண்காட்சியில் இறக்கியது. மேலே சுருள், அதன் மேல் விசிறி, கீழே ஓட்டைபோட்ட கூடை. ஃப்ரையர் என்று பெயர் வைத்துக்கொண்டாலும் அது வறுப்பதில்லை. சின்ன அறைக்குள் அனல்காற்றைச் சுழற்றுகிற கன்வெக்‌ஷன் அடுப்புத்தான். விமானத்துக் கறியையும் காயையும் சூடாக்கப் பிறந்து, உருளைக்கிழங்குக்காக வளர்ந்த கருவி. அதன் மூளையில் கிழட்டு எருது என்ற கற்பனையே கிடையாது.

இங்கே அதை வாங்குகிறவர்களில் பலர் எண்ணெய் குறையும் என்று வாங்குகிறார்கள். வேறொரு காரணத்துக்காக வாங்குகிறவர்களையும் பார்த்திருக்கிறேன்: சத்தம் வராது, வாசனை வராது என்று நம்பி. வீடு வாடகைக்குத் தேடியவர்களுக்கு இது புரியும். சேலத்தில் மட்டுமில்லை, எந்த ஊரிலும் முன்பணம் பேசுவதற்கு முன்னால் 'நீங்க நான்வெஜ்ஜுங்களா' என்ற கேள்வி வரும். ஆமாம் என்றாலும் சில இடத்தில் சம்மதிப்பார்கள். அடுத்ததாக, கொஞ்சம் குரலைத் தாழ்த்தி, 'அது... பெரிய கறியெல்லாம் இல்லைங்களே?' என்பார்கள். மாட்டுக்கறிக்குத் தமிழில் இத்தனை மாற்றுப் பெயர்கள் சுவைக்காக வந்தவை இல்லை. பெரிய கறி என்பதும், இங்கிலீஷில் பீஃப் என்று சொல்லித் தப்பிப்பதும், பக்கத்து வீட்டுக் காதுக்காக ஏற்பட்டவை.

கதவுக்கு வெளியே நிலைமை இன்னும் வெளிப்படை. 2017 மே மாதம் 23ஆம் தேதி மத்திய அரசு கால்நடைச் சந்தைகளுக்குப் புது விதிகள் போட்டது. சந்தையில் மாட்டை வெட்டுக்கென்று விற்கக் கூடாது. சேலம் நாமக்கல் சாலையில் இருக்கிற புதன்சந்தை மாதிரியான இடங்களுக்கு இது உயிர்நாடியில் கை வைப்பது. கேரளா வியாபாரிகள் லாரியோடு வந்து நிற்கிற சந்தை அது. கறவை வற்றிய மாட்டை விற்ற காசில்தான் அடுத்த மாட்டை வாங்குவார் விவசாயி. அந்த மாத இறுதியிலேயே உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை விதிகளுக்கு இடைக்காலத் தடை கொடுத்தது, ஜூலையில் உச்ச நீதிமன்றம் அதை நாடு முழுவதற்கும் விரித்தது. இடைப்பட்ட நாட்களில், விதிகளை எதிர்த்துச் சென்னை ஐஐடி வளாகத்தில் மாட்டுக்கறி விருந்து நடத்திய மாணவர்களில் ஒருவர் கண்ணில் பலத்த காயம் படும்படி தாக்கப்பட்டார். 2022 மே மாதம் ஆம்பூரில் அரசு நடத்தவிருந்த பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்ற செய்தி வெளியாகி எதிர்ப்புக் கிளம்பியது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையம் மாவட்ட நிர்வாகத்திடம் விளக்கம் கேட்டது. மழையைக் காரணம் காட்டித் திருவிழா தள்ளிவைக்கப்பட்டது. வீதிக்கு வீதி பீஃப் பிரியாணி விற்கிற ஆம்பூரிலேயே, அரசு போடுகிற பந்தியில் அதற்கு இலை இல்லை.

இந்தச் சூழ்நிலையில் பெட்டிக்குள் மூடிச் சமைக்கிற ஆசை வருவது இயற்கை. ஆனால் அது நிறைவேறாது. ஏர் ஃப்ரையரின் முதுகில் ஒரு துவாரம் இருக்கிறது, உள்ளே சுற்றுகிற காற்றில் ஒரு பங்கு அந்த வழியாக வெளியே வந்துகொண்டே இருக்கும். கறியின் மேற்பரப்பு 140 டிகிரியைத் தாண்டியதும் மாய்யார் வினை வேகம் பிடிக்கும். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமில் மாய்யார் 1912இல் சொன்ன, புரதமும் சர்க்கரையும் சேர்ந்து பழுப்பாகி மணக்கிற வினை. ருசி என்று நாம் சொல்வதும் பக்கத்து வீட்டுக்காரர் புகார் சொல்வதும் இதே மூலக்கூறுகளைத்தான். போதாததற்கு, நம்ம கறிக்கு முதலில் குக்கர் வேண்டும். சத்தமில்லாமல் சமைக்கலாம் என்று வாங்கிய மெஷினுக்கு முன்னால் ஏழு விசில் ஊதித் தெருவுக்கே அறிவிக்க வேண்டியிருக்கிறது. பத்து வயசு மாட்டைத்தான் தின்னலாம் என்று சட்டம் சொல்லிவிட்ட பிறகு, அதை ரகசியமாகத் தின்ன எந்தக் கம்பெனியாலும் வழி செய்து தர முடியாது.

இனி சமையல். அரைக் கிலோ கறி, எலும்பில்லாதது. நாருக்குக் குறுக்கே சின்னதாக நறுக்கச் சொல்லுங்கள், நார் வாக்கில் நறுக்கினால் எத்தனை விசிலும் காப்பாற்றாது. மஞ்சள், உப்பு, மிளகு, தட்டிய இஞ்சி பூண்டு, கறி பாதி முழுகும் அளவுக்கு மட்டும் தண்ணீர். ஆறு அல்லது ஏழு விசில், ஆவி தானாக அடங்கட்டும். கறியை வடித்து ஆறவைத்து, நகத்தால் கிள்ளிப் பாருங்கள். கிள்ள வரவில்லையென்றால் இன்னும் இரண்டு விசில். இதை முந்தின நாள் ராத்திரியே செய்து ஃபிரிட்ஜில் வைத்துவிட்டால்தான் மறுநாள் 'சீக்கிரச் சமையல்' என்ற சொல்லுக்கு அர்த்தம்.

ஆறிய கறியில் ஈரத்தை ஒற்றி எடுத்து, மிளகாய்த்தூள், மல்லித்தூள், சோம்பு, பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காய், கறிவேப்பிலை, ஒரு ஸ்பூன் கடலை எண்ணெய் போட்டுப் பிசறுங்கள். கேரட்டும் பீன்ஸும் தனியாக, உப்பும் கொஞ்சம் எண்ணெயும் தடவி. காய்க்கு நேரம் கூட வேண்டும் என்பதால் அது 180 டிகிரியில் எட்டு நிமிஷம் முன்னால் போகட்டும். அப்புறம் கறியையும் சதுரமாக வெட்டிய வெங்காயம், குடைமிளகாயையும் சேர்த்து 200 டிகிரியில் எட்டு நிமிஷம், நடுவில் ஒரு தடவை கூடையைக் குலுக்கிவிட வேண்டும். கறிவேப்பிலை கருகி மேலே பறந்து சுருளில் ஒட்டும், தேங்காய்க்கு அடியில் அமுக்கி வைத்தால் தப்பிக்கும். 1,500 வாட் மெஷின் இத்தனைக்கும் அரை யூனிட்கூட எடுக்காது. கூடையை நிரப்பி அடைத்தால் காற்று ஓடாது, கறி அவிந்து போகும், ஆகவே நாலு பேர் வீட்டில் இரண்டு ஈடாகப் போடுங்கள்.

குக்கரில் மிஞ்சிய சாற்றைக் கொட்டிவிட வேண்டாம். மிளகும் சீரகமும் பூண்டும் தட்டிப் போட்டு, கொஞ்சம் புளி கரைத்து ஒரு கொதி விட்டால் மிளகுத் தண்ணி. சோற்றுக்கு அது போதும், கறியைத் தொட்டுக்கொள்ளலாம்.